பார்க் வருதாம், நம்புங்க

இன்று பள்ளியில் எடை பார்த்த நர்ஸ், "உங்க பொண்ணுக்கு வெயிட் ஏறிக்கினே போதுக்கா. ஓடியாட விடுங்க" என்றார்.

எங்கே விடுவது? அவள் ஓடி விளையாடிய ஏரிக்கரை மணலைப் போன வருஷம் வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். தெருவில் மீன் வண்டிகள் பறக்கின்றன. பள்ளி விட்டால் வீடு, வீட்டில் செல்போன்.

மிச்சமிருப்பது எங்கள் தெருமுனைக் காலியிடம்தான். அவளை அழைத்துக்கொண்டு திரும்பினால், அங்கே இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னாண்ணா அளக்குறீங்க?"

"பசங்க விளையாட பார்க் வருதும்மா."

"யாரு கட்டுறாங்க?"

"மேல சொல்லியிருக்காங்க."

"ஏரிக்கரைல வேலி போட்டவங்களும் பார்க்னுதான் சொன்னாங்க. இப்போ உள்ள ரிசார்ட்டு காருங்கதான் நிக்குது."

அவர் டேப்பை இன்னும் இழுத்தார்.

மகளின் பையை வாங்கிக்கொண்டேன். "போய் எல்லாரையும் கூட்டிக்கினு வா. இங்கயே ஓடிப்புடிச்சு ஆடுங்க."

தெருப்பிள்ளைகள் மொத்தமும் வந்து குவிந்தார்கள். டேப்பை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு வர்றோம்" என்று இருவரும் கிளம்பினார்கள்.

மகளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

நாளைக்கும் பிள்ளைகள் அங்கேதான் ஆடுவார்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உங்கள் ஊரில் பார்க் வருது என்று அளந்த இடத்தில், பார்க்தான் வந்ததா?