நான்கு பெயர்களில் ஒரு நெஞ்சு

பேச்சிமுத்து அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரி இருட்டறையில் எக்ஸ்ரே படம் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். திறந்தால் வெளிச்சம் பட்டுப் படம் பாழாகிவிடும். அங்கிருந்தே சொல்லச் சொல்லிக் கத்தினேன். "பேச்சிமுத்து அண்ணே தவறிட்டாரு சார். வெயில் தாழ எடுக்குறோம்" என்று அவருடைய ஊர்க்காரன் முருகேசனின் குரல் கேட்டது. படம் கழுவி முடியச் சில நிமிடங்கள் இருந்தன. வெளியே ஓடவும் முடியவில்லை, உட்கார்ந்து அழவும் முடியவில்லை. போகிற நேரத்தில்கூட இந்த மனிதர் என் வேலைக்கு இடைஞ்சலாகத்தான் போக வேண்டுமா என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அவரோடு பழகியவர்கள் என்னை மன்னிப்பார்கள். அவர்களுக்கும் இந்த எரிச்சல் பழக்கமானதுதான்.

உடும்பஞ்சோலைக்கு அப்பால் மலையைக் குடைந்து தண்ணீர்ச் சுரங்கம் வெட்டிய நாட்களில் அவர் பாறையில் துளை போடும் வேலைக்கு வந்தார். கம்பத்துக்குப் பக்கத்து ஊர். தான் வந்த மறு வருடமே ஊரிலிருந்து முருகேசன், பாண்டி, சின்னச்சாமி என்ற மூன்று இளவட்டங்களையும் குமுளி வழியாகப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்து அதே வேலையில் சேர்த்துவிட்டார். துளை போடும்போது எழும் கல்தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். தங்கிய இடமெல்லாம் தழும்பாகும். தூசியை விட்டு விலகி வந்தாலும் தழும்பு சும்மா இருக்காது, வளர்ந்துகொண்டே போகும். பேச்சிமுத்து அண்ணனுக்கு மூன்றாம் வருடமே இருமல் பிடித்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். தினை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். துளை போடும் வேலையிலிருந்து எடுத்து, சாமான் கொட்டகைக்குக் காவலாக உட்காரவைத்தார்கள்.

காண்டிராக்டர் வைத்திருந்த சட்டம் அப்படி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுரங்கத்து ஆட்களை லாரியில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதற்கு முகாம் என்று பெயர். படத்தில் புள்ளி இருந்தால் வெளி வேலை. சுத்தமாக இருந்தால் திரும்பவும் உள்ளே. அதாவது ஒருவன் நெஞ்சு கெட்ட பிறகுதான் அவனைக் காப்பாற்றுவார்கள். இதில் இருந்த கோணலை நாங்கள் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. எனக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை. என் கவலையெல்லாம் பெயர் மாறாமல் ஒட்டுவதும், பழைய படத்தைத் தேதிவாரியாக அடுக்கி வைப்பதும்தான். எங்கள் டாக்டர் மலையாளி. புதுப் படத்தைக் கையில் வாங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பழைய படம் எவிடே?" ஒரு படத்தை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்லலாம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்ல இரண்டாவது வேண்டும் என்பார்.

வெளியே படம் எடுப்பவர் இன்னொருவர். நான் உள்ளே கழுவுபவன். எனக்கு முகங்கள் தெரியாது, நெஞ்சுகள்தான் தெரியும். எடுப்பவருக்கும் பெரிதாகத் தெரிந்துவிடாது. வருகிறவர்கள் எல்லோரும் தலை முதல் கால் வரை கல்தூசி பூசியிருப்பார்கள். பெயரைச் சொல்லிவிட்டு, நெஞ்சைப் பலகையில் அழுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். மூச்சை இழுத்துப் பிடி, விடு, அடுத்த ஆள்.

இப்படி இருக்கையில் முருகேசன் ஒரு நாள் காய்ச்சலோடு வந்தான். டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். படம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. முகாமில் எடுத்த பழைய படத்திலோ புள்ளி நிறைந்திருந்தது. காசமாகவும் இருக்கலாம் என்று அவனுக்கு மாதக்கணக்கில் ஊசி வேறு போட்டிருந்தார்கள். டாக்டருக்கு முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் சந்தோஷம் வடிந்தது. தழும்பு மறையாது, நீதான் பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறாய் என்று என் பக்கம் திரும்பினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கையில் ஒரு பெயர்கூட மாறியதில்லை என்று நிரூபிக்க, சுரங்கத்துப் படங்கள் அத்தனையையும் எடுத்து வெளிச்சப் பெட்டியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

முருகேசனின் முகாம் படத்தில் கழுத்தடியில் இடது காறை எலும்பு எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. காய்ச்சலோடு வந்த முருகேசனுக்குக் காறை எலும்பு நேராக இருந்தது. அதே கோணல் அடுத்த முகாமில் பாண்டியின் படத்தில் இருந்தது. அதற்கடுத்த முகாமில் சின்னச்சாமி. மூன்றையும் தேதிப்படி வரிசையாக வைத்தேன். பெயர்தான் மாறியிருந்தது. புள்ளிகள் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பெருத்து, நெருங்கி, மேலே மேலே கூடிக்கொண்டே போயின. மூவருக்கும் ஒரே ஊர் என்று பதிவேட்டில் இருந்தது. கூட்டிவந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு சாமான் கொட்டகைக்குப் போனேன்.

கொட்டகை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. சாரல் அடிக்காமலிருக்க அந்த இடத்தில் அவர் தன்னுடைய முதல் எக்ஸ்ரே படத்தை ஆணி அடித்து மாட்டியிருந்தார். அந்தக் கோணல் காறை எலும்பு வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. நான் வரிசையாக வைத்த மூன்றுக்கும் முந்தைய பழைய படம். பேச்சு வருவதற்கு முன்னால் அதைப் பிடுங்கி எடுத்தேன். "சார், மழை அடிக்கும்" என்றார். அப்போதுதான் அவரை முதல்முறை நேரில் பார்க்கிறேன், முதல் பேச்சே சண்டை. ஆஸ்பத்திரியை ஏமாற்றினீர்கள், ஒன்றுமில்லாத பையனுக்கு ஊசி போட வைத்தீர்கள், என் வேலைக்கு உலை வைத்தீர்கள் என்று மூச்சு விடாமல் திட்டினேன். அவர் இருமி முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது, அது வேறு எரிச்சல்.

பிறகு சொன்னார்: "புள்ளி வுழுந்தாத்தான சார் வெளிய விடுறாங்க. அது வுழுகுற வரைக்கும் அவெங்ய உள்ள கெடக்கணுமா? நாந்தான் பஸ் ஏத்திக் கூட்டியாந்தேன். எங்கிட்டத்தான் புள்ளி ரெம்பக் கெடக்கே."

பிடுங்கிய படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் மூவரும் மறுநாளே பாறைக்குள் போவார்கள். மூன்றாம் நாள் டாக்டரிடம் போய், தவறு என்னுடையதுதான், காய்ச்சல் அன்று எடுத்த சுத்தமான படம் வேறு யாருடையதோ, முருகேசனுக்குத் திரும்ப ஒரு படம் எடுத்துவிடுகிறேன் என்றேன். மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பேச்சிமுத்து அண்ணனுக்கு நானே ஆள் அனுப்பினேன். வந்தார். முருகேசன் என்று பெயர் சொல்லி நின்றார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது அவரால் பிடிக்க முடியவில்லை, நான்கு முறை இருமினார். ஐந்தாவது முறை பிடித்தார்.

அந்தப் படத்தை நான்தான் கழுவினேன். புள்ளிகளை இனி எண்ண முடியாது. இரண்டு பக்கமும் மேலே ஒன்றாகத் திரண்டு வெள்ளைக் கட்டியாக நின்றது. டாக்டர் அதைப் பழைய படங்களோடு வைத்துப் பார்த்துவிட்டு, இந்த முருகேசன் இனிச் சுரங்கத்தின் பக்கமே போகக் கூடாது, போகாவிட்டாலும் ஓரிரு வருடம்தான் என்றார். ஆளைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து அவர் சொன்ன ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதைக் கொண்டுபோய்ப் பேச்சிமுத்து அண்ணனிடம் சொல்ல வேண்டிய பாவம் என் தலையில் விழுந்தது. சுற்றி வளைத்து, பாதி விழுங்கி, ஒருவழியாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "முருகேசன வெளியதான வெச்சிருக்காங்க?"

ஆமாம் என்றேன். நல்லது சார் என்று பீடியைத் தேடினார். பீடியைப் பிடுங்கி எறிந்தேன். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு பீடி குடித்த மனிதரை என்னவென்று சொல்வது!

இப்போது சுரங்கம் முடிந்து காண்டிராக்டர் போய்விட்டார். மெமோ கொடுத்த டாக்டரும் மாற்றலாகிவிட்டார். இதைச் சொன்னால் இனி யாருக்கும் கேடில்லை என்பதால் சொல்கிறேன். அவர் இறந்த அன்று வெயில் தாழ மூவரும் இன்னொருவரும் பாடையைத் தூக்கினார்கள். மயானம் செங்குத்தான மேட்டில் இருக்கிறது. பின்னால் போன எனக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் தோள் மாற்றாமல், எந்த வழி சுருக்கம் என்று வாக்குவாதம் செய்துகொண்டே ஏறினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து, தங்கள் நெஞ்சையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்றார்கள். புது டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, சட்டையைப் போட்டுக்கொண்டு போகலாம் என்றார். அதைக் கேட்க வேண்டியவர் இல்லையே என்று அங்கேயே கண் கலங்கிவிட்டது எனக்கு.

அவருடைய ஐந்து படங்களும் என்னிடம் இருக்கின்றன. ஆணித் துளை விழுந்த முதல் படத்தில் மட்டும்தான் பேச்சிமுத்து என்று எழுதியிருக்கிறது. மற்ற நான்கையும் திருத்தி அவர் பெயரை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். அந்தப் பெயர்களுக்காகத்தான் அவர் மூச்சைப் பிடித்து நின்றார்.