சாமிக்குப் போன சோறு

நடந்துகொண்டேதான் படிக்கிறார் அக்னஸ். ஜன்னலிலிருந்து அலமாரிவரை, அலமாரியிலிருந்து மறுபடியும் ஜன்னல்வரை. கையில் யாரோ ஒருவரின் வாக்குமூலம், பல்லிடுக்கில் பென்சில். பலகைத் தரையில் செருப்புச் சத்தம் ஓயாது. கீழ்த்தளத்து பேங்குக்காரர்கள் ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்த்தாயிற்று. "உக்காந்தா எனக்குக் கண்ணுதான் ஓடும், மூளை ஓடாது லா" என்று வந்த ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டார். எதிர் மேசையில் நிலப் பத்திரங்களோடு மல்லாடும் எனக்கு அவரைப் பார்த்தாலே கால் வலிக்கும்.

சுங்கைப்பட்டாணியில் எங்களுடையதுதான் பெரிய லாயர் கம்பெனி. மாடி முழுக்க எங்கள் மேசைகள். கணக்கும் கோப்பும் எழுதும் அத்தனை ஆண் கிராணிகளுக்கு நடுவே மூன்றே பெண்கள்: சுருக்கெழுத்து அக்னஸ், டைப் அடிக்கும் நவமணி, டெலிபோனில் சம்சியா. சம்சியா எதிர்ச்சாரிச் சாப்பாட்டுக்கடை அய்யூப்பின் மகள். அவளை வேலைக்கு விடும்படி அய்யூப்பிடம் வாதாடியது அக்னஸ்தான். வாதம் தாங்காமல்தான் அவர் சம்மதித்தார் என்று அய்யூப் கடையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மத்தியானம் மூவரும் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குள் புகுந்துகொள்வார்கள். ஊர்வம்பு பேசுகிறார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் கோப்பு எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். ஒருத்தி சோற்றைப் பிசைந்தபடி கேட்க, இன்னொருத்தி அன்றைய தாள்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். ஆண் தப்புவிட்டால் கைப்பிழை, பெண் தப்புவிட்டால் 'பொம்பள வேல'. எங்கள் ஆபீசின் எழுதாத சட்டம் அது. அதனால் ஒருத்தி எழுதியதை மற்றொருத்தி கேட்காமல் எந்தத் தாளும் முதலாளி லாயரான துரையின் அறைக்குப் போகாது.

இந்த அவசரகாலம் வந்ததிலிருந்து தோட்டத்து ஜனங்கள் எங்கள் படிக்கட்டில் குறையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐசி என்ற அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள், ஊரடங்கில் அகப்பட்டவர்கள், மகனை எந்த லாரியில் ஏற்றினார்கள் என்று தெரியாத தாய்மார்கள். அவர்கள் சொல்வதை இங்கிலீஷில் ஆக்கித் தந்த மொழிபெயர்ப்பாளர் போலீசில் சேர்ந்து போய்விட்டார். ஜன்னலோரம் அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது.

"அது எனக்கு வேணும்" என்று முதல்நாளே சொல்லிவிட்டார் அக்னஸ். ஆசையை மடித்து வைக்கத் தெரியாத மனுஷி. பெரிய கிராணி டக்ளஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோர்ட்டுல ஒரு பொம்பள நின்னு பேசினா நல்லாவா இருக்கும்? அதுவும் இந்தக் காலத்துல?"

"இந்தக் காலத்துல உள்ள புடிச்சுப் போடுறதுல பாதி பொம்பளைங்கதான் சார். அவங்களுக்கு மட்டும் நல்லா இருக்கா?"

மெர்போக் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆட்களை வேலை வாங்கும் தண்டலாக இருக்கிறார் அக்னஸின் அப்பா. மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் நின்றுகொண்டு மாப்பிள்ளை வீட்டுச் செய்தி சொல்வார். "மாப்பிள்ளை எங்கயும் ஓடிட மாட்டாருப்பா, வேலைதான் ஓடிடும்" என்று மகள் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, அதே பஸ்சில் ஏற்றிவிடுவார்.

கடைசியில் துரை ஒரு வழக்கைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அது சரியாக அமைந்தால் நாற்காலி அக்னஸுக்கு. வந்த வழக்கு மருதம்மாளுடையது. பால்வெட்டும் பெண். விடிகாலை வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் குடியிருப்பு வேலியைத் தாண்டிக் கொண்டுபோகக்கூடாது என்பது சட்டம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். மருதம்மாளின் பால் எடுக்கும் மங்கு வாளிக்குள் இலையில் மடித்த சோறு இருந்தது. கேட்டில் மாத்தா-மாத்தா போலீசார் பிடித்துவிட்டார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்ததாக நிரூபணமானால் பல வருஷம் உள்ளேதான்.

"சாமிக்குத்தாம்மா கொண்டு போனேன். புள்ளைக்குக் காய்ச்சல். சாமிக்குச் சோறு தர்றதா வேண்டிக்கிட்டேன்" என்று ஜாமீனில் வந்திருந்த மருதம்மாள் அழுதார். அக்னஸ் நின்றபடியே எழுதினார். துரை கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்ட நேரமில்லை. தாளைத் தானே டைப் அடித்து, அதில் மருதம்மாளின் ரேகையை வாங்கி, ஓடிப்போய்த் துரையிடம் கொடுத்துவிட்டார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அக்னஸ் பதறாத நாள் ஏது?

மத்தியானம் கோப்பறையில் நகலை வாசித்த நவமணி சட்டென்று நிறுத்தினாளாம்.

"ஏங்க்கா, மருதம்மா எப்போ வேதத்துல சேந்துச்சு?"

"யாரு சேந்தது?"

"இதுல 'ஃபாதருக்குச் சோறு கொண்டு போனேன்'னு இருக்கே. அது சொன்ன சாமி, வேலிக்கு வெளிய இருக்கிற முனியாண்டி சாமியா இருக்கும்க்கா!"

அக்னஸின் முகம் வெளுத்தது. அவர் வளர்ந்த வீட்டில் சாமி என்றால் ஞாயிறு பூசைக்கு சைக்கிளில் வரும் பாதிரியார். 'சாமிக்குச் சோறு போட்டீங்களா?' என்று அம்மா கேட்டால் அது அவருக்குத்தான். மருதம்மாளின் தோட்டத்திலும் ஒரு சிறு மாதா கோயில், மாதம் ஒரு பூசை. கேட்ட காது வீட்டுக் காதாகிவிட்டது. போலீஸ் போய் விசாரித்தால், பாதிரியார் எனக்கு யாரும் சோறு தரவில்லை என்பார். மருதம்மாள் பொய்க்காரியாகிவிடுவார். அப்புறம் முனியாண்டி என்று சொன்னால் எவன் நம்புவான்?

"தாளு எப்படியும் நம்ம ஆபீசுக்குத்தான் திரும்பி வரும். மெதுவா மாத்திக்கலாமே" என்று சம்சியா முனகியிருக்கிறாள். சொன்னால் நாற்காலி போய்விடும் என்ற பயம் அவளுக்கு. அக்னஸ் அதற்குள் படிக்கட்டில் இருந்தார். பின்னாலேயே நவமணி ஓடினாள். சம்சியா டெலிபோனைச் சுழற்றி, துரையை ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்கச் சொல்லி, கோர்ட்டு ஆபீசில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது பத்திரம் பதிய கோர்ட்டு வராந்தாவில் நின்றிருந்தேன். மொட்டை வெயிலில் இரண்டு பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்து, ஏதோ குண்டு வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். துரை அந்தத் தாளை எடுக்கப் பையைத் திறந்துகொண்டிருந்தார். அக்னஸ் மூச்சிரைக்க இங்கிலீஷில் சொன்னார்: தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல. இத்தனை நாள் அந்தச் செருப்புச் சத்தத்தைத் திட்டியிருக்கிறேனே என்றிருந்தது எனக்கு.

அங்கேயே பெஞ்சில் வைத்து, மருதம்மாளைக் கேட்டுக் கேட்டு, வேறு தாள் எழுதினார்கள். தோட்டத்துப் பூசாரி வந்து சாட்சி சொன்னார். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்த வழக்கு நிற்கவில்லை. தடையை மீறியதற்குக் கண்டித்து அனுப்பினார்கள். மருதம்மாள் கோர்ட்டு வாசலிலேயே அக்னஸின் காலில் விழப்போனார். "ஐயோ, என் தப்புதானேக்கா உங்கள உள்ள தள்ளப் பாத்துச்சு!" என்று அக்னஸ் இரண்டடி பின்னால் குதித்துவிட்டார்.

நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்யத் துரைக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் அக்னஸ் நடந்த நடையில் கெடா மாநிலத்தையே சுற்றி வந்திருக்கலாம். டக்ளஸ் அந்த நாற்காலியின் மேல் கோப்புகளை அடுக்கத் தொடங்கினார்.

நேற்றுக் காலை துரை கூப்பிட்டார். கதவு சாத்தவில்லை, அதனால் ஆபீஸ் முழுக்கக் காது கொடுத்தது. தப்பை மூடி மறைக்கத் தெரிந்தவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது, நாற்காலி உனக்குத்தான் என்றார் துரை. அக்னஸ் நன்றி சொன்னார். அதோடு வந்திருக்கலாம், வரவில்லை. தப்பைப் பிடித்தது நவமணி, கேட்பதற்கு ஒரு ஆளும் வாசித்துச் சரிபார்க்க ஒரு ஆளும் வேண்டும், நாங்கள் இரண்டு பேர் என்றார். துரை தலையாட்டவில்லை. கம்பெனியில் இருப்பது ஒரு பதவி, ஒரு நாற்காலி, வேண்டாமென்றால் வேறு ஆள் பார்க்கலாம் என்றார்.

அக்னஸ் வெளியே வந்தார். "கெடச்சிருச்சாக்கா?" என்று சம்சியா எழுந்தாள். அக்னஸ் நிற்காமல் நேரே பின்மூலைக்குப் போனார். நவமணி அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மேசையின் விளிம்பை அக்னஸ் இரண்டு கையாலும் பற்றினார்.

"என்னம்மா பண்றீங்க?" என்று வழியில் நாற்காலி போட்டிருந்த டக்ளஸ் கேட்டார்.

"கொஞ்சம் கால எடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, டைப்ரைட்டரோடு அந்த மேசையை மொழிபெயர்ப்பாளரின் நாற்காலி கிடந்த ஜன்னல் பக்கம் இழுக்கத் தொடங்கினார் அக்னஸ்.