லாச்சியின் பின்பலகை

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் நாங்கள் வீடு கட்டியபோது சமையலறை அலுமாரி செய்ய ஒரு தச்சு பாஸ் வந்தார். தச்சரோ கொத்தனாரோ, கைவேலைக்காரர் எல்லோரும் எங்கள் பக்கம் 'பாஸ்'தான். வாசலில் நான் சிங்களத்தில் பேசினேன். அவரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். சிங்களவர் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. போனில் 'பாஸ்' என்றுதான் பதிந்தேன்.

பத்து நாள் வேலை. மூட்டுகளை உளியால் செதுக்கிப் பொருத்துவார். இடையில் ஒரு தாள் நுழையாது. அதெல்லாம் என் கண்ணில் எங்கே பட்டது? விளங்காது என்ற தைரியத்தில், முதல் நாளே அவர் முன்னால் நின்று என் கணவரிடம் தமிழில் சொன்னேன்:

"இங்க பாருங்க, ஆளோட முழியே சரியில்ல. சாவியெல்லாம் எடுத்து உள்ள வைங்க. தேத்தண்ணிய அந்த விளிம்பு உடைஞ்ச கோப்பையில குடுங்க, போதும்."

அவர் தலை நிமிராமல் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் பையிலிருந்து சொந்தக் கோப்பையை எடுத்து நீட்டினார்.

"பெருமையப் பாருங்க!" அதையும் தமிழில்தான் சொன்னேன்.

போன வாரம் அந்த அலுமாரியில் இழுத்துத் திறக்கும் லாச்சி ஒன்று இறுகிவிட்டது. முழுதாக இழுத்து வெளியே எடுத்தேன். பின்பலகையில் பென்சிலால், அழகான தமிழ்க் கையெழுத்தில், 'இடப்பக்கம், கீழ்' என்று எழுதியிருந்தது.

அத்தனையும் அவருக்கு விளங்கியிருக்கிறது. லாச்சி இறுகிவிட்டதென்று மட்டும் கணவரிடம் சொன்னேன்.

"அந்த பாஸையே கூப்பிடு, ஞானேஸ்வரி" என்றார் கணவர்.

எடுத்தேன். மறுமுனையில் மணி அடித்தது. "ஹலோ" என்றார் பாஸ்.

எந்தப் பாஷையில் பேசுவதென்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.