சாத்திய கோயில் முன்னால் மால்டா

செவ்வாய்க்கிழமை. திருச்சி ஏஜெண்டிடம் விசாவுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கப் போகிற வழியில் சிறுவாச்சூர் காளி கோயில் முன்னால் காரை நிறுத்தச் சொல்கிறாள் என் மனைவி. மால்டாவுக்கு ஐந்து நாள் போகிறோம். ஐரோப்பாவில் குட்டித் தீவு நாடு. அங்கே வீடு, கோட்டை எல்லாமே சுண்ணாம்புக்கல்லாம். ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைத்து, இன்று சொந்த லாரி ஓட்டும் நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? மூணாம் வகுப்போடு நின்றவன், பெண்டாட்டியோடு ஃபிளைட் ஏறப் போகிறேன். ஆனால் அம்மன் உத்தரவு இல்லாமல் வரமாட்டேன் என்கிறாள் அவள். அவள் இல்லாமல் நானும் போகமாட்டேன்.

கோயில் சாத்தியிருக்கிறது. இங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள்.

“அஞ்சு நாளு வூட்டப் பூட்டிட்டு எப்படிங்க போறது?” என்று கதவையே பார்க்கிறாள்.

பூக்காரம்மா சிரிக்கிறார். “ஏக்கா, காளியாத்தாளே வாரத்துல அஞ்சு நாளு மலைக்குப் போயிடுறா. ஒன் வூட்ட யாரு தூக்கிட்டுப் போவப் போறா?”

மனைவி ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறாள். பாஸ்போர்ட் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காரில் ஏறுகிறாள். கண்ணாடியை இறக்கிப் பூக்காரம்மாவைக் கூப்பிடுகிறாள்.

“வெள்ளிக்கிழம ஆத்தா வந்தா, நான் மால்டா போறேன்னு சொல்லிடு.”