சேஸிஸ் வண்டியில் மணல்மேடு வரை

அந்த வருஷம் ஆர்டர் குறைந்து, ஓசூரில் நான் வேலை பார்த்த லாரி கம்பெனியில் எங்கள் லைனை நிறுத்திவிட்டார்கள். பாதிச் சம்பளம், கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்கள். ஷிப்டுக்கு ஓடியே பழகிய உடம்பு வீட்டில் அடங்கவில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டி ஒழுகவைத்தேன். கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்த்தேன். "ரெண்டு நாளைக்காவது எங்கியாச்சும் போய்ட்டு வாங்களேன்" என்று மனைவி கெஞ்சவே ஆரம்பித்துவிட்டாள்.

அவள் தம்பி சூளகிரியில் இருந்தான். சேஸிஸ் ஓட்டுகிறவன். பாடி கட்டாத லாரியைத்தான் சேஸிஸ் என்போம். இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங் இருக்கும். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. அதை வடநாடுவரை ஓட்டிப்போய் வாங்கியவரிடம் ஒப்படைப்பது அவன் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "ராஜஸ்தானுக்கு ஒரு வண்டி போவுது, வரியா மாமா?" என்றான். வருஷக்கணக்காக அந்த வண்டிகளுக்கு பிரேக் பூட்டியும், அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று நான் பார்த்ததில்லை. கிளம்பிவிட்டேன்.

தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு, பலகைமேல் உட்கார்ந்து போனோம். ஹூப்ளி, பூனா, அகமதாபாத். வழியெல்லாம் எனக்கு நிலைகொள்ளவில்லை. டீக்கு நிறுத்தினால்கூட வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பேன்.

"நீ பூட்டுன பிரேக்குதானே மாமா? உனக்கே நம்பிக்கை இல்லேன்னா எப்பிடி?"

ஜோத்பூரைத் தாண்டி ஒரு சாயங்காலம், ரோட்டோரத்திலேயே மணல்மேடுகள் தொடங்கின. மச்சான் வண்டியை ஓரங்கட்டினான். எத்தனையோ தடவை அந்த வழியில் வந்தும் அவன் இறங்கியதே இல்லையாம். கதவில்லாத வண்டியைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

"நீ வண்டியப் பாத்துக்க. நான் மேல ஏறிப் பாத்துட்டு வந்துர்றேன். அப்புறம் நீ போ."

போனவன் வரவில்லை. ஹாரன் அடித்தேன். சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பாம்பு, பள்ளம் என்று மனசு எங்கெங்கோ போனது. கடைசியில் சாவியை உருவிக்கொண்டு நானும் ஏறினேன். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

உச்சியில் அவன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"உசுரோட இருக்கியாடா? எவ்ளோ நேரமா ஹாரன் அடிக்கிறேன்!"

"கேட்டுச்சு மாமா. எந்திரிக்கத்தான் மனசு வரல. நீயும் உக்காரு."

என்னால் உட்கார முடியவில்லை. கீழே வண்டி பொம்மைபோல் தெரிந்தது. கண் அதைவிட்டு நகரவில்லை. செல்லை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இருந்தது. உடனே மனைவிக்குப் போட்டேன்.

"கம்பெனில இருந்து ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் இல்ல. எங்க இருக்கீங்க?"

"மணல்மேட்டு மேல."

"எப்பிடி இருக்குது?"

ஏறி வந்தேனே தவிர, மணலை நான் பார்க்கவே இல்லை. "இரு, சொல்றேன்" என்று திரும்பினேன். விளிம்பிலிருந்து காற்று மணலைப் புகைபோல் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இன்னொரு மேடு, அதற்கும் அப்பால் இன்னொன்று; ஒரு வீடு இல்லை, மரம் இல்லை.

"நிக்கவே மாட்டேங்குதுடி. நகந்துக்கிட்டே இருக்குது."

"அப்ப உங்கள மாதிரின்னு சொல்லுங்க" என்று சிரித்தாள்.

இருட்டுவதற்குள் இறங்கினோம். மச்சான் சறுக்கிக்கொண்டே போனான். பின்னால் ஓடிய நான் பாதியில் இடறி அடிவாரம்வரை உருண்டேன். எழுந்தபோது வாயெல்லாம் மணல். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெய்சல்மேரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்பினோம். அவன் தூங்கிக்கொண்டு வந்தான், நான் கதவோரம் நின்றுகொண்டு வந்தேன். கம்பெனி கூப்பிட இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. அதற்குள் மச்சானோடு நாக்பூருக்கும் ஒரு நடை போய்வந்தேன். நான் வீட்டில் இருப்பதைவிட அது எவ்வளவோ தேவலை என்றாள் மனைவி.