ஊதா வராத தாள்

தடயவியல் ஆய்வகத்தில் அவளை எல்லாரும் ஊதாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இல்லாததைக் கண்ணில் காட்டும் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் தோய்த்த தாளில் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டால் சில நிமிடங்களில் ஊதா நிறம் எழும்பும். பத்தொன்பது வருடமாக அந்த நிறத்துக்குக் காத்திருப்பதுதான் அவள் பிழைப்பு. வராத நிறத்தை வந்ததாக ஒருநாளும் எழுதியதில்லை. அந்தப் பிடிவாதத்தால் இரண்டு பதவி உயர்வுகள் கைநழுவிப் போயின. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், ஒரு மாணவனிடம் பிடித்த தபால்தலை அளவுத் தாளோடு வந்து அவள் மேசை முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார். வெள்ளைப் பீங்கான் தட்டில் மூன்று குழிகள். அரை மணி நேரம் கழித்து அவள் தட்டை நீட்ட, முதல் குழியைப் பார்த்ததும் துள்ளினார்.

"ஊதா வந்துடுச்சே மேடம்!"

"அது ஒப்பிட்டுப் பார்க்க எங்க பீரோவுல இருந்து எடுத்த அசல் சரக்கு சார். நடுவுல வெறும் தாள். உங்க தாள் கடைசிக் குழியில. அரை மணி நேரமாச்சு, அப்படியே கிடக்கு. சோதனை மெஷின்லயும் ஒண்ணும் வரல."

அவர் முகம் சுருங்கியது. "சுவரு உருகுது, பூச்சி ஊருதுன்னு ஸ்டேஷன்ல அவனே அலறினான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"எப்போ அலறினான்?"

"பிடிச்ச மூணாம் நாள்."

"அந்தச் சரக்கு அரை நாள்ல இறங்கிடும் சார். அவனை எவ்வளவு நேரம் தூங்க விட்டீங்க?"

இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

'போதைப்பொருள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அறிக்கையை அவர் பக்கம் தள்ளினாள். "மூணு நாள் கண்ணை மூட விடலைன்னா எனக்கும்தான் சுவரு உருகும்."