பிரிச்சுப்பாரு பிரிக்காத ஒரு பெட்டி

சுங்க அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரத்து நான்காவது மேசைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி பியூனிலிருந்து பெரிய அதிகாரி வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'பிரிச்சுப்பாரு'தான். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

கப்பலில் வந்து இறங்கும் சாமான் வரி அட்டவணையில் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று முடிவெழுதுவது அவர் வேலை. கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. யானை பொம்மையின் வயிற்றுக்குள் பல்பு எரிந்தால் அது பொம்மையா, விளக்கா என்று நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம். தலைப்பு மாறினால் வரி மாறும், கேட்கிற சான்றிதழ் மாறும், சில சமயம் சாமானே வந்த கப்பலில் திரும்பிப் போகும்.

மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், விவரச் சீட்டைப் படிப்பார்கள், எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நம் ஆளிடம் அந்தக் கதையே கிடையாது. "பிரிச்சுப் பாருங்க" என்பார். மசாஜ் நாற்காலி வந்தபோது முக்கால் மணி நேரம் அதில் உட்கார்ந்தே முடிவெழுதினார். அன்றைய கையெழுத்தை இன்றைக்கும் யாராலும் படிக்க முடியவில்லை. மழைக்கோட்டு வந்தபோது அதை மாட்டிக்கொண்டு குழாயடியில் நின்றார். முழுக்க நனைந்து வந்து, "இது மழைக்கோட்டு இல்ல, சும்மா கோட்டு" என்றார். இப்படியே இருபத்தாறு வருடம். அவர் எழுதிய ஒரு முடிவைக்கூட இதுவரை யாரும் மாற்றியதில்லை.

அந்த இருபத்தாறு வருடத்துக்கு இப்போதுதான் பலன் வரப்போகிறது. மேல்முறையீட்டுக் குழுவில் ஓர் இடம் காலி. சொந்த முடிவு ஒன்றுகூட ரத்தாகாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டுவார்கள், அதில் இவரைத் தவிர வேறு ஆளே இல்லை.

பதவி ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழுவின் அலுவலகம், அவர் மனைவி வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் வேலை நாளில் இருவரும் சேர்ந்து மதியம் சாப்பிட்டதே இல்லை. அந்த அம்மா போன வாரமே நான்கு அடுக்குக் கேரியர் ஒன்று வாங்கி, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மனிதர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அதைப் பார்த்துவிட்டு வருவார்.

அவளுக்கு அவர்மேல் ஒரே ஒரு குறைதான். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பதரைக்கு வருகிறேன் என்றவர் வந்து சேர்வதற்குள் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்து, பழையபடி மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுகிறாள். இவருக்கு ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து வருவதோடு சரி. ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது, "அன்னைக்கு நான் உள்ள போறப்போ எந்தப் பெட்டியைப் பிரிச்சுக்கிட்டு இருந்தீங்களோ" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவாள். சிரிப்பு வாயோடு நின்றுவிடும். அவரும் பதில் சொன்னதில்லை.

புதன்கிழமை காலை, மோட்டார்சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் பெண் ஒருத்தி நீளமான அட்டைப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டு மாடி ஏறி வந்தாள். வீட்டில் ஷெட் இல்லாதவர்கள் வண்டியை மழை வெயில் படாமல் நிறுத்தி வைக்க ஒரு மடக்குக் கூடு. நூற்று நாற்பது இறக்கியிருக்கிறாள். எல்லாம் துறைமுகக் கிடங்கில் கிடக்கின்றன.

"சார், இதை டெண்ட்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்காங்க. டெண்டுன்னா ஆள் தூங்குறது, துணி தீப்பிடிக்காதுன்னு சான்றிதழ் கொண்டா அப்படிங்கிறாங்க. இதுல யாரு சார் தூங்குவா? செஞ்சவங்க அந்தச் சான்றிதழ் குடுக்கவே மாட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் கப்பல்ல திருப்பி ஏத்திருவாங்க. என் தங்கச்சியும் நானும் கடையை மூட வேண்டியதுதான்."

"டெண்ட்னு யாரும்மா சொன்னது?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால வேற ஒருத்தர் இதையே கொண்டு வந்தாராம். அப்போ எழுதின முடிவு இருக்காம். அதான் எனக்கும்னு சொல்றாங்க." பெட்டியை மேசைமேல் வைத்தாள். "நீங்களே பிரிச்சுப் பாருங்க சார்."

பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னார். திறந்து பார்த்தார். கையெழுத்து அவருடையது. ஒரு படம் ஒட்டியிருந்தது: சாம்பல் நிறத் துணியும் வளைந்த கம்பியுமாக, பார்த்தால் டெண்ட் போலவே நின்றது. கீழே 'பார்த்த மாதிரிச் சாமான்' என்ற கட்டத்தில் இரண்டே சொல்: 'படம் மட்டும்'. அந்தக் கோப்பை இத்தனை நாளும் ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. பிரிச்சுப்பாரு பிரிக்காமல் எழுதியிருப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், இவர்மேல் உயிரையே வைத்திருப்பவர்.

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. பழைய முடிவு செல்லும்னு ஒரு வரி எழுதிட்டுக் கம்முனு இருங்க. வெள்ளிக்கிழமை லிஸ்ட் வந்துரட்டும். அப்புறம் அந்தப் பொண்ணு மேல்முறையீடு போட்டுக்கட்டும்."

"சாமான் நாளைக்கே போயிருமேப்பா."

"போனா என்னண்ணே, திரும்ப வரவச்சுக்கலாம்."

திரும்ப வரவழைக்கக் கடை இருக்க வேண்டுமே. பேனாவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். அந்தப் பெண் சுவரோரத்து பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெஞ்சியிருந்தால்கூட விரட்டியிருக்கலாம். கடைசியில் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"உன் வண்டியைக் கொஞ்சம் கொண்டு வர முடியுமா? ஆபீஸ் வேலைதான். சாமான் கொண்டு வந்தவங்க வண்டியில சோதிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு விதி."

"சாப்பாட்டு நேரத்துல வர்றேன். பெட்ரோல் யாரு போடுறது, உங்க ஆபீஸா?"

ஒரு மணிக்கு அலுவலகத்தின் பின்முற்றத்தில் தடதடவென்று வந்து நின்றாள். வண்டியின் பின்னால் அந்த நான்கு அடுக்குக் கேரியர் கட்டியிருந்தது. "எப்படியும் வர்றேனே, இன்னைக்கே ஆரம்பிச்சுட்டா என்னன்னு கொண்டு வந்தேன்" என்றாள். அவர் பேச்சை மாற்றப் பெட்டியைப் பிரித்தார்.

முதலில் வண்டி இல்லாமல் நிறுத்திப் பார்த்தார். கம்பிகளை விரித்தார், துணியை மாட்டினார், கையை எடுத்தார். பொத்தென்று அவர் தலைமேலேயே விழுந்தது. மறுபடி நிறுத்தினார், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை துணிக்குள் சிக்கிக்கொண்டு வழி தெரியாமல் அவர் தட்டுத் தடுமாறியபோது, மாடி ஜன்னல்களில் பாதி அலுவலகம் நின்று வேடிக்கை பார்த்தது. கடைக்காரப் பெண் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். மனைவி அடக்கவெல்லாம் இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கம்பியின் அடியிலிருந்த இரண்டு கவ்விகளைப் பின்சக்கர அச்சில் மாட்டித் திருகினார். கூடு அசையாமல் நின்றது. படத்தில் இருந்ததுபோலவே நின்றது. படத்திலும் உள்ளே ஒரு வண்டி இருந்திருக்கிறது, வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. வண்டி இல்லாவிட்டால் இது வெறும் துணி மூட்டை. டெண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மோட்டார்சைக்கிளோடு சேர்ந்த துணைச் சாமான்.

கூட்டைப் பின்பக்கம் மடக்கிவிட்டு, அங்கேயே வண்டி இருக்கையில் கோப்பை விரித்து நின்றபடி எழுதினார். 'என் முந்தைய முடிவு தவறு. அது ரத்து செய்யப்படுகிறது. காரணம்: அன்று மாதிரியை நான் பிரித்துப் பார்க்கவில்லை.' கடைக்காரப் பெண்ணின் பெட்டிகளை இன்றே விடும்படி இன்னொரு தாளும் எழுதிக் கையில் கொடுத்தார். "சார்" என்றாள். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடங்குப் பக்கம் ஓடினாள். மாடி ஜன்னலில் பக்கத்து மேசைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மனைவி சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். விதி அவளுக்கும் தெரியும்.

"அப்போ வெள்ளிக்கிழமை லிஸ்ட்டு?"

"இல்லம்மா."

அவள் கேரியரைப் பார்த்தாள். "பிரிக்காம எழுதுனீங்களா? நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கோப்பைத் தன் பக்கம் திருப்பினாள். படத்தைப் பார்த்தாள், 'படம் மட்டும்' என்பதைப் பார்த்தாள். அவர் குனிந்து கவ்வியைக் கழற்றத் தொடங்கினார். கழன்றுவிட்ட கவ்வியையே திரும்பவும் திருகிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும் இருந்தன. காலை ஒன்பது ஐம்பது. தேதியை மட்டும் அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இதை முடிச்சாத்தான் விடுவேன்னு பெரிய அதிகாரி வாசல்ல நின்னுட்டார்" என்றார் அவர், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே. "பிரிச்சா ஒரு மணி நேரம் ஆகும். பிரிக்காமத்தான் ஓடி வந்தேன். அப்படியும் உன்னை உள்ள கொண்டு போயிட்டாங்க."

"ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னா?"

அவள் கோப்பை மூடி அவர் கையில் கொடுத்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கேரியரை அவிழ்த்து வண்டி இருக்கையின்மேல் வைத்தாள்.

"இனிமே அதைக் கேக்க மாட்டேன்" என்றாள். "எனக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. உட்காருங்க, சாப்பிடலாம்."